கொட்டாவி விட்ட கருப்பசாமி

தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

பள்ளங்கி மலைக்கிராமத்துக் கோடாங்கி சேனாதிபதி உடுக்கையை எடுத்தால், பிடித்த பேய் மலையிறங்கி வத்தலக்குண்டில்தான் மூச்சு விடும் என்று பேர். வெள்ளிக்கிழமையானால் சாலை முழுக்க ஜீப். நிபந்தனை ஒன்றுதான்: ஆஸ்பத்திரி மாத்திரைகளைக் கருப்பசாமி காலடியில் போட்டுவிட வேண்டும். சாமிக்கும் டாக்டருக்கும் ஆகாதாம்!

ராஜகுமாரியின் புருஷன் சக்திவேலுக்கு ஆளில்லாத குரல்கள் கேட்கும். பூண்டுக் காட்டில் நின்று அவற்றோடு மல்லுக்கட்டுவான். மாமியார் வேலுத்தாயின் பிடிவாதத்தில் ராஜகுமாரியும் மாத்திரைகளைக் காலடியில் வைத்தாள். தினம் ஒரு கரண்டி என்று டப்பாவில் பஞ்சாமிர்தம் வந்தது. அதிசயம்! குரல்கள் தணிந்தன. சக்திவேல் மண்வெட்டியைத் தூக்கினான்.

அடுத்த டப்பாவில் இனிப்பு மட்டுமே இருந்தது. குரல் கூப்பிட்டதென்று சக்திவேல் பாறை விளிம்புக்கே போய்விட்டான். ராஜகுமாரி வேட்டியைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"தீட்டும்மா. ஒரு கெடா கொண்டா" என்றார் கோடாங்கி.

யோசித்துக்கொண்டே கருப்பசாமி பீடத்தைச் சுற்றி வந்தாள். பின்னால் பிதுக்கிய மாத்திரை அட்டைகள் குவியலாய்க் கிடந்தன. பக்கத்தில் அம்மி, அதில் வெள்ளைப் பொடியும் ஒட்டிய பஞ்சாமிர்தமும். மாத்திரை கலந்தால் அருள், கலக்காவிட்டால் தீட்டு!

வெள்ளிக்கிழமை, நிறைந்த கூட்டத்தில் பஞ்சாமிர்தக் குண்டான் வந்ததும் அவள் எழுந்தாள்.

"சாமி, குண்டான்ல இருக்கதை மொதல்ல நீங்க சாப்பிடுங்க."

"நான் விரதம்மா."

"போன வாரம் கெடாக்கறிக்கு மட்டும் விரதம் லீவுங்களா?"

கூட்டம் சிரித்தது. கோடாங்கி வாயைத் திறந்தார். உள்ளே போனது கரண்டியில்லை, ராஜகுமாரியின் அகப்பை. ஊரார் மாத்திரை மொத்தமும் அதில்.

கருப்பசாமி அருள் வந்த கோடாங்கியின் கையில் குதிரையாய் ஓடிய உடுக்கை கொஞ்ச நேரத்தில் எருமையாய் நடந்தது. "தாயி, ஒன் வீட்டுல... வீட்டுல... ஆவ்..."

"ஆத்தாடி, கருப்பசாமி கொட்டாவி விடுறாரே!" என்று வேலுத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமி அரிவாள்மேல் சாய்ந்து குறட்டை விட்டது.

ராஜகுமாரி அட்டைகளை அள்ளி வந்து கூட்டத்தின் நடுவே கொட்டினாள். "பேயை ஓட்டுனது உடுக்கையா, இதா? நீங்களே சொல்லுங்க."

மறுநாள் வெள்ளனே புருஷனோடு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். சில மாதம் கழித்து வேலுத்தாய் மகனிடம் கேட்டாள்: "கொரலு முழுசாப் போச்சாப்பா?"

"போகலை ஆத்தா. பக்கத்து வீட்டு டிவி மாதிரி கெடக்கு. மாத்திரையில தொப்பைதான் போடுது. வழிய விடு, சோலி கெடக்கு."

மருந்துக்கு ஒரு குறை உண்டு: முழுக்கக் குணமாக்குவேன் என்று அது சத்தியம் செய்யாது. செய்கிறவன் எவனாக இருந்தாலும், நானே ஆனாலும், கொஞ்சம் யோசியுங்கள்.

பள்ளங்கியில் சேனாதிபதி என்று ஒரு கோடாங்கி இருந்ததே இல்லை.