வேலாயுதம் மொழி தேர்ந்தெடுத்த கதை

பங்குனி உத்திரத்துக்கு இந்த வருஷம் அர்ச்சனை லிஸ்ட் கம்ப்யூட்டரில் வரும் என்று பண்டமாரான் ஊர்க் கோயில் கூட்டத்தில் தலைவர் அறிவித்தபோது வேலாயுதத்தின் மார்பு இரண்டங்குலம் அகன்றது. வருஷம் 1988. அந்த வட்டாரத்தில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பெயர், நட்சத்திரம், ராசி. வேலை அவ்வளவுதான். அதற்கான புரோகிராமை எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது என்பதில்தான் இரண்டு மாதம் போயிற்று. கோபோல் நம்பகமானது, ஆனால் வளவள. பேசிக் சுலபம், சுலபமானதை எவன் மதிப்பான்? பாஸ்கல் அழகு. டிபேஸ் எல்லா ஆபீசிலும் வைத்திருந்தார்கள், அதனாலேயே அவருக்கு ஆகாது.

"எதுல எழுதினா என்னங்க? ஐயர் பேரைத்தானே வாசிக்கப் போறாரு" என்றாள் மனைவி தனலெட்சுமி. வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட்.

"நாளைக்கே ரெண்டாயிரம் பேர் ஆனா? தாங்கணும்லா!"

"அதுவும் சரிதான். கம்ப்யூட்டர் படிச்ச உங்க கூட்டாளி, சுங்கை வே பாலன் அண்ணன் என்ன சொல்றாரு?"

"'சி' மொழிதாங்கிறான், மடையன்."

"விடாதீங்க. போய்ப் பேசித் தீர்த்துட்டு வாங்க. இந்தாங்க, முறுக்கு."

இப்படி ஒரு மனைவி எவனுக்கு வாய்க்கும்! வாரம் மூன்று சாயங்காலம் மோட்டார் சைக்கிள் சுங்கை வே ஊருக்குப் பறந்தது.

உத்திரத்தன்று காலையில் முடிவாயிற்று: பாஸ்கல். இந்த ஒரு வருஷம் பழைய நோட்டையே வாசிக்கச் சொல்லலாம் என்று தயங்கித் தயங்கிக் கோயிலுக்குப் போனார். தலைவர் தம்புசாமி ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"லிஸ்ட் முத்து முத்தா இருக்கு பாஸ்! நேத்தே உங்க வீட்டம்மா கொண்டாந்து கொடுத்துட்டாங்க."

வேலாயுதம் மனைவியைத் தனியே இழுத்தார். "எதுல எழுதின?"

"வேர்ட்ஸ்டார்லங்க. ஆபீஸ்ல லெட்டர் அடிக்கிறோமே, அது. நீங்க சுங்கை வே போற அன்னிக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அடிச்சேன்."

"அது மொழியே இல்லடி!"

"அப்படியா? ஐயர்கிட்ட சொல்லிடவா?"

அதற்குள் சனம் சூழ்ந்துகொண்டது. "கம்ப்யூட்டர்காரர்னா சும்மாவா!" வேலாயுதம் மறுக்கவில்லை. மார்பு பழையபடி அகன்றது. லிஸ்டில் வேண்டுதலுக்கென்று தனிக் கட்டம்கூட இருப்பதாகத் தலைவர் மெச்சினார். அதையும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

ஐயர் ஒலிபெருக்கி முன் முதல் தாளை விரித்தார்.

"வேலாயுதம். பூர நட்சத்திரம், சிம்ம ராசி. வேண்டுதல்: எந்தக் காரியத்திலும் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வரவேண்டும்."