எட்டாம் நம்பர் கெம்பம்மா

பாதுகாப்புக் காலணி விசாரணைக் கூட்டத்துக்கு வந்திருந்தோர்: மேசையின் தலைமாட்டில், சுழல் நாற்காலியில், மேலாளர் மாதவன். அவருக்கு வலப்பக்கம், லேப்டாப் முன்னால், புரோகிராம் எழுதிய அஜித்குமார். கதவோரம், குறிப்பெடுக்க, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் பூங்கொடி. பிரஸ் ஷாப் கெம்பம்மா, கைக்கு ஒரு ஷூவாகப் பிடித்தபடி, நின்றுகொண்டு. கம்ப்யூட்டர் யுகத்தில் ஓசூர் கண்ட மாபெரும் அறிவுச் சபை இதுவே என்பதில் பூங்கொடிக்குச் சந்தேகம் இல்லை.

தொழிலாளர் பட்டியல் ஒரு ஃபைலில் இருந்தது. வரிக்கு ஓர் ஆள். முதலில் பெயர், பிறகு ஷூ அளவு. எழுத்தையும் எண்ணையும் பிரிக்க வந்த புரோகிராம், வரியில் முதலில் அகப்படும் எண்ணை ‘அளவு’ என்று கொள்ளும். தமிழ்ப்பற்று மிகுதியால் அஜித்குமார் அதற்குத் தமிழ் எண்களையும் கற்பித்திருந்தார். தமிழ் எண்ணில் ‘அ’ என்றால் எட்டு. ஆகவே ‘அ. கெம்பம்மா 5’ என்ற வரிக்கு எட்டாம் நம்பர் ஷூ வந்தது. ‘உ’ என்றால் இரண்டு. ஆகவே ஃபைலின் உச்சியில் ஸ்டோர்காரர் போட்ட பிள்ளையார் சுழிக்கும் இரண்டாம் நம்பரில் ஒரு ஜோடி வந்தது.

கழன்று விழும் ஷூவோடு, தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் பக்கம் போகக் கூடாது. ஷூ இல்லாவிட்டால் கேட்டைத் தாண்டக் கூடாது. கெம்பம்மாவுக்கு மூன்று நாள் ஆப்சென்ட். இன்னும் இரண்டு நாள் போனால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

“சிஸ்டத்துல எட்டுன்னு இருக்கேம்மா,” என்றார் மாதவன், கனிவாக.

“என் காலு அஞ்சுங்க சார். கன்னடத்துல கேட்டாலும் ஐதுதான்.”

“இனிஷியலை ‘ம’ன்னு மாத்திக்கிட்டா பிரச்சனையே வராதுங்கக்கா,” என்றார் அஜித்குமார்.

“எங்கப்பன் பேரு அண்ணையப்பன். அவரை மாத்தறதுன்னா எங்கம்மாவத்தான் கேக்கணும்.”

பூங்கொடி மெல்ல வாயைத் திறந்தாள். “ஸ்டோர்ல அஞ்சாம் நம்பர் சும்மாதான் கெடக்கு சார். ஒரு ஜோடி எடுத்துக் குடுத்துட்டா?”

“கையால எடுத்துக் குடுத்தா அதுக்குப் பேரு மேனுவல்மா,” என்றார் மாதவன். சபை ஒரு கணம் நடுங்கியது.

தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. புரோகிராம் குற்றமற்றது. தமிழுக்கு ஆற்றிய தொண்டுக்காக அஜித்குமாருக்குப் பாராட்டு. கெம்பம்மாவின் கால், ‘பதிவேட்டுடன் ஒத்துழைக்காத பாதம்’.

“ஒரு வார்த்தை விடாம எழுதி ஹெட் ஆபீசுக்கு அனுப்பும்மா.”

பூங்கொடி ஒரு வார்த்தையும் விடவில்லை. பாராட்டு உட்பட அனைத்தையும் இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்று ஹெட் ஆபீசுக்கு. மற்றதில் ‘பொருள்’ என்ற இடத்தில் மட்டும் ‘புகார்’ என்று எழுதி, உறையில் தொழிற்சாலை ஆய்வாளர் முகவரியிட்டு, பசை தடவி ஒட்டி, பதிவுத் தபாலில் சேர்த்தாள்.