வேலி வழக்கும் சகலனின் நாற்காலியும்

ஒடென்சே, டென்மார்க்,
ஞாயிற்றுக்கிழமை

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய பெரியண்ணைக்கு,

தம்பி நித்தியானந்தன் தாழ்மையுடன் எழுதுவது. இங்கு நானும் தங்கமலரும் மகள் மேனுஜாவும் நல்ல சுகம். லண்டனில் தாங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். மச்சாளின் முழங்கால் இப்போது மடங்குகிறதா? நிற்க.

தாங்கள் அனுப்பிய மனு கிடைத்தது. உங்கள் நாட்டில் வழக்குகள் தேங்கிவிட்டதால் பலவற்றை ஜூரி இல்லாமல் நீதிபதி ஒருவரே விசாரிக்கலாம் என்று அரசாங்கம் சொல்கிறது, இது சாதாரண மனிதனின் உரிமையில் கை வைக்கும் வேலை, ஆகவே சொந்தபந்தம் எல்லோரும் இந்த எதிர்ப்பு மனுவில் பெயர் தரவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அண்ணை, நீங்கள் கேட்டு நான் ஒன்றையும் மறுத்தது கிடையாது. இதை மறுக்கிறேன். சாதாரண மனிதனைக் கொண்டுபோய் நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்பதை என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன். அந்தச் சாதாரண மனிதனின் பெயர் குலேந்திரன்.

மலரின் தங்கையைக் கட்டிய என் சகலன் குலேந்திரனேதான். இங்கே மிகப் பெரிய வழக்குகளுக்குத்தான் உங்களுடையதைப் போல ஜூரி. மற்றபடி ஆளைச் சிறைக்கு அனுப்பக்கூடிய வழக்கென்றால் நீதிபதியின் இரண்டு பக்கமும் ஊர்ச்சனத்தில் இருந்து இரண்டு பேர் இருப்பார்கள். டொம்ஸ்மன்ட் என்று பெயர். சட்டம் படித்த நீதிபதிக்கும் ஒரு வாக்கு, முதியோர் இல்லத்தில் உருளைக்கிழங்கு அவிக்கிற குலேந்திரனுக்கும் ஒரு வாக்கு. இப்படியொரு பதவி இருக்கிறது, நகரசபைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவனுக்குச் சொன்னதே நான்தான். இரண்டு பேரும் ஒரே நாளில் விண்ணப்பித்தோம். ஏன் விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, "எங்கள் தமிழ்ச் சங்கத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பிணக்குகளைத் தீர்த்து வருகிறேன், ஆள் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே பிழை யாரில் என்று எனக்குத் தெரிந்துவிடும்" என்று எழுதினேன். அவன் "கேட்டுப் பழக விருப்பம்" என்று எழுதினானாம். அவனை எடுத்துவிட்டார்கள். மேனுஜா என் விண்ணப்பத்தின் பிரதியை வாசித்துவிட்டு டெனிஷில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நான் விளக்கம் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை அண்ணை. வெளிப்படையாகவே சொல்கிறேன், வயிறு எரிந்தது. பொங்கல் விழாவில் முன்வரிசைக் கதிரை இருபத்திரண்டு வருடமாக எனக்கு. இந்த வருடம் அவனுக்கு. மாமன் மச்சான் சண்டையென்றால் என்னிடம் வந்த சனம் இப்போது அவனிடம் போகிறது. அவனோ வாயைத் திறப்பதில்லை. "என்னடாப்பா, இண்டைக்கு என்ன வழக்கு?" என்று கேட்டால், "அறைக்குள்ள கதைச்சதை வெளியில சொல்லேலாது அண்ணை" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கே அவனை உள்ளே போடலாம்.

போன மாதம், வழக்கு விசாரணையை யாரும் போய்ப் பார்க்கலாம் என்று அறிந்து, பேருந்தேறி நீதிமன்றத்துக்குப் போனேன். மலர் தான் பொரித்த ரோல்ஸ் பலகாரத்தை ஒரு பெட்டியில் போட்டு என்னிடம் தந்து, "குலேந்திரன் பசியோட இருப்பார், குடுங்கோ" என்றாள். எனக்குப் பசிக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. போய்ப் பின்வரிசையில் இருந்தால், என்ன வழக்கு என்று நினைக்கிறீர்கள்? வேலிச் சண்டை! ஹென்னிங் என்ற ஓய்வூதியக்காரர் பக்கத்து வீட்டுக்காரனின் வேலிச்செடியை ஒரு முழம் தறித்து, அவன் தட்டிக்கேட்க, இவர் கத்தரிக்கோலாலேயே தோளில் ஒரு போடு போட்டிருக்கிறார். அண்ணை, எங்கள் ஐயா பதினொரு வருடம் வேலி வழக்கு நடத்தியவர். வேலியில் நட்ட கதியால் ஒரு சாண் நகர்ந்ததற்காகத் தாய்மாமன் செத்தவீட்டுக்கே போகாத குடும்பம் நாங்கள். குலேந்திரன் வளர்ந்தது கொழும்பில் ஒரு தொடர்மாடி வீட்டில். அவன் வேலியைக் கண்டதே டென்மார்க்குக்கு வந்த பிறகுதான். அவன் மேலே இருக்கிறான், நான் கீழே இருக்கிறேன்.

அதையும் பொறுத்தேன். ஆனால் குலேந்திரன் நீதிபதியிடம் குனிந்து ஏதோ சொல்ல, நீதிபதி ஹென்னிங்கைப் பார்த்து, "இந்தச் செடியை முதலில் நட்டது யார், அப்போது இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொண்டார்களா?" என்று கேட்டார். அது என்னுடைய கேள்வி! மேனுஜாவின் பிறந்தநாளன்று ஐயாவின் வழக்கைச் சொல்லும்போது, எந்த வேலிப் பிணக்கிலும் முதலில் இதைத்தான் கேட்கவேண்டும் என்று அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது. என்னையறியாமல் எழும்பி, "உந்தக் கேள்வியை நான்தான் சொல்லிக் குடுத்தனான்!" என்று தமிழில் கத்திவிட்டேன். நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். குலேந்திரன் மேசையைப் பார்த்தான்.

இடைவேளையில் தாழ்வாரத்தில் ஹென்னிங் தலையைத் தொங்கப்போட்டபடி தனியே இருந்தார். வேலிக்காக வந்த மனிதன், பார்க்கப் பாவமாக இருந்தது. பெட்டியைத் திறந்து ஒரு ரோல்ஸ் கொடுத்தேன். இரண்டாவதும் கேட்டு வாங்கினார். வாங்கியவரிடம் பேசாமல் இருப்பது மரியாதையா? எனக்குத் தெரிந்த டெனிஷில், "இடப்பக்கம் இருக்கிறாரே, அவர் என் சகலன். என் பேச்சைத் தட்டமாட்டார். நான் ஒரு வார்த்தை கதைத்துவிடுகிறேன், யோசிக்காதீர்கள்" என்றேன். அந்த மனிதன் சந்தோஷத்தில் ஓடிப்போய்த் தன் சட்டத்தரணியிடம் சொல்லிவிட்டார். சட்டத்தரணி நீதிபதியிடம். கால்மணி நேரத்தில் எல்லோரும் உள்ளே. நீதிபதி கேட்கிறார். இந்தக் குலேந்திரன், "எனக்குத் தெரியாது, யாரோ ஒரு தமிழ் ஆள்" என்று சொல்லியிருக்கலாமா இல்லையா? எழும்பி நின்று, "ஓம், அவர் என் மனைவியின் அக்காவின் கணவர், இனி நான் இந்த வழக்கில் இருப்பது சரியில்லை" என்று தெளிவான டெனிஷில் சொல்லிவிட்டான். வழக்கு நின்றது. வேறு ஆட்களோடு இன்னொரு நாள் முதலிலிருந்து தொடங்குவார்களாம். நீதிபதி அவனுக்கு நன்றி சொன்னார். எனக்கு வாசலைக் காட்டினார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், இங்குள்ள தமிழ்ச் சனத்திடம் அவன் பெயர் இன்னும் உயர்ந்துவிட்டது. "என்ன நேர்மையான மனிசன்" என்கிறார்கள். அந்த நேர்மை வெளியே வருவதற்கு ரோல்ஸ் கொண்டுபோனது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மலரோ, "போய் அவரிட்டை மன்னிப்புக் கேளுங்கோ, அதுவரைக்கும் தேத்தண்ணியை நீங்களே போட்டுக் குடியுங்கோ" என்று சொல்லிவிட்டாள். மூன்று கிழமையாக நானேதான் போட்டுக் குடிக்கிறேன். கேட்கமாட்டேன்.

ஆகவே அண்ணை, சாதாரண சனத்துக்குச் சகலன் இருப்பான், சகலனுக்கு வாய் இருக்கும். சட்டம் படித்த நீதிபதி தனியே இருந்து பார்ப்பதுதான் நாட்டுக்கு நல்லது. உங்கள் அரசாங்கம் சொல்வது முற்றிலும் சரி. மனுவில் என் பெயர் வேண்டாம்.

மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லவும். பிள்ளைகள் படித்துப் பெரிய பதவிகளுக்கு வரவும், அதைச் சகலன்மாரிடம் முன்கூட்டியே சொல்லாமல் இருக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல் தட்டாத தம்பி,
நித்தியானந்தன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் பொலிசில் இருந்து அழைப்பு வந்துவிட்டது. வழக்கில் செல்வாக்குச் செலுத்தப் பார்த்தேனாம். இங்கே சட்டத்தரணியாக இருக்கிற எங்கள் தமிழ்ப் பிள்ளை மிதுஷாவிடம் ஓடினேன். "வழக்கு வருமோ தெரியாது மாமா. வந்தால், நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டால் நீதிபதி தனிய இருந்து முடிச்சிடுவார். இல்லையெண்டு நிண்டால் சனத்தில ரெண்டு பேரும் இருப்பினம்" என்கிறாள். தனியே இருக்கிற நீதிபதிக்கு, "நான் கதைச்சு விடுறன்" என்பது எங்கள் ஆட்கள் கலியாணவீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் சும்மா சொல்கிற மரியாதை வார்த்தை, அதன்பிறகு ஒன்றும் நடப்பதில்லை என்று யார் சொல்வது? வாழ்க்கையில் ஒருதரமாவது வீண்வாக்குக் கொடுத்த மனிதன் ஒருவன் அங்கே இருக்க வேண்டாமா? எனக்கு அந்த இரண்டு பேரும் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மனுவில் என் பெயரை முதலாவதாகப் போடுங்கள். மலருடையதையும் போடுங்கள்.

உண்மையைச் சொன்னால் அண்ணை, அந்த நாற்காலியில் குலேந்திரன் இருந்தால் எனக்குப் பயமில்லை. அவனுக்குக் கேட்கத் தெரியும். அதுதான் இவ்வளவு நாளும் என்னை எரித்தது. அவனையே போடலாமா என்று கேட்டேன். சொந்தக்காரர் இருக்கவே முடியாதாம். என் வாழ்நாளில் "நான் கதைச்சு விடுறன்" என்று சொல்லிப் பலித்தது ஒரே ஒரு தரம்தான்: இருபத்தெட்டு வருடத்துக்கு முன், குலேந்திரனுக்கு மலரின் தங்கையைப் பேசிக் கட்டிவைத்தபோது.