என் கணக்கில் வந்த ஏழரை

அடுத்தவர் சேமிப்பு எவ்வளவு என்று தெரிந்துகொண்டபின் நிம்மதியாக இருந்தவர் உலகத்தில் இல்லை. நான் தெரிந்துகொண்டேன். அதுவும் மாதா மாதம், பம்பாய் மாதுங்காவில் காபி குடித்துக்கொண்டே.

ஆபீஸில் நாங்கள் நான்கு பெண்கள். நாற்பத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது நால்வருக்கும் ஆசை. இருபத்தைந்து வருஷச் செலவுக்கான பணம் சேர்ந்துவிட்டால் ராஜினாமா எழுதலாம் என்று ஏதோ வீடியோவில் கேட்டிருந்தோம். ஆகவே யார் கையில் எத்தனை வருஷச் செலவு இருக்கிறது என்று எக்ஸெல் தாளில் போட்டுப் பார்ப்போம். ரஞ்சனிக்குப் பதினான்கு வருஷம். (மாதுங்காவில் தாத்தா காலத்துச் சொந்த ஃப்ளாட், வாடகை கிடையாது. இதை ஒவ்வொரு மாதமும் அவளுக்கு ஞாபகப்படுத்துவேன்.) மற்ற இருவரும் பத்து, ஏழு. நான் ஐந்தே முக்கால். தாராவியில் பிறந்து செம்பூரில் வாடகை கொடுக்கிறவளுக்கு அது ஒன்றும் மோசமில்லை. ஆனால் கடைசி இடம் கடைசி இடம்தானே.

ஒருநாள் எனக்கு ஞானம் பிறந்தது. சம்பளம் உயர வேண்டாம், செலவைக் குறைத்தாலே போதும், அதே பணம் இன்னும் சில வருஷம் தாங்கும். அன்றோடு ஆட்டோ நின்றது. பஸ்ஸில் போய் சயானில் இறங்கி, தாராவியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் வாங்கிப்போகும் மட்டன் முதலில் கோழியானது, பிறகு முட்டையானது. திரும்பும்போது அம்மாவின் தோசை மாவு, மீன் குழம்பு, ஒருமுறை பாதி சோப்பு எல்லாம் என் பையில் ஏறின. செருப்பு அறுந்தபோது ஊக்கு குத்திக்கொண்டேன். என் கணவர் எதற்கும் வாய் திறக்கவில்லை. ஏசியை நிறுத்திய அன்று மட்டும், “நாற்பத்தைந்து வரைக்கும் நான் இருப்பேனா?” என்று கேட்டார்.

மூன்றே மாதத்தில் என் எண் ஏழரைக்கு வந்தது. (நீங்கள் நினைப்பது புரிகிறது. எனக்குத்தான் அப்போது புரியவில்லை.)

ஒருத்தியைத் தாண்டியாயிற்று, இனி அடுத்தவள். அப்போதுதான் பிஷி கண்ணில் பட்டது. நம் ஊர்க் குலுக்கல் சீட்டுக்குப் பம்பாயில் அதுதான் பெயர். அம்மா இருக்கும் சந்தில் பதினைந்து பெண்கள், ஆளுக்கு மூவாயிரம். குலுக்கி எடுத்த துண்டுக் காகிதத்தில் யார் பெயரோ அவருக்கு அந்த மாதம் நாற்பத்தைந்தாயிரம். முதல் சம்பளத்திலிருந்து எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. வட்டி கிடையாது. எக்ஸெல் தாளில் அதற்கு நேராக ‘பூஜ்யம்’ என்று சிவப்பில் போட்டு வைத்திருந்தேன். மே மாதக் குலுக்கலுக்கு நேரில் போய், விலகுகிறேன் என்று சொல்லிவிட்டு வருவதாகத் திட்டம்.

பிஷியை நடத்துவது கதீஜாக்கா. பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருப்பவர். நான் வாய் திறப்பதற்குள் துண்டுகள் போட்ட டப்பாவை என் முன் நீட்டி, “இன்னைக்கு நீ எடுட்டி” என்றார். எடுத்தேன். ‘செல்வி’ என்று என் பெயர். விலகல் பேச்சை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தேன். எல்லாரும் மெதுவாகக் கைதட்டினார்கள், ஒருவர் கண்ணைத் துடைத்தார். என்மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் நான் ஆபீஸில் ஆடிட் பிரிவு. நானே எடுத்து எனக்கே விழுந்தால் நாளைக்குப் பேச்சு வரும், மீதித் துண்டுகளையும் பிரித்துக் காட்டுவதுதான் முறை என்றேன். கதீஜாக்கா டப்பாவைப் பின்னால் ஒளித்தார். எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது என்றார்கள். நம்பிக்கை வேறு, முறை வேறு என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்துவிட்டு, டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பிரித்தேன்.

இரண்டாவது துண்டில் செல்வி. மூன்றாவதிலும் செல்வி. இன்னும் குலுக்கல் விழாதவர்கள் பதினோரு பேர், பதினோரு துண்டிலும் செல்வி. ஆடிட்டில் இத்தனை வருஷத்தில் நான் கையும் களவுமாகப் பிடித்த ஒரே மோசடி அதுதான்.

அம்மா அழ ஆரம்பித்தாள்.

“வேலைய விட்டாச்சுன்னா மாசம் எவ்வளவுல ஓட்டலாம்னு நீ போன்ல கணக்குப் போட்டத நான் கேட்டேன்ட்டி. விக்ரோலி கம்பெனிய மூடுனப்ப ஒங்கப்பா ஒரு மாசம் வீட்டுல சொல்லாம சோத்து டப்பாவத் தூக்கிட்டுப் போயி பார்க்குல உக்காந்துட்டு வந்தாவ. நீயும் அப்பிடித்தான் எங்கயாவது உக்காந்திருக்கியோன்னு...”

எனக்கு வேலை போகவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

“பின்ன எதுக்கு செருப்புல ஊக்கு?” என்று கேட்டார் கதீஜாக்கா.

“பணம் சேக்குறதுக்குக்கா.”

“சேத்து?”

“வேலைய விடுறதுக்கு.”

கொஞ்சம் யோசித்தார். “அப்பம் நாங்க நெனச்சது தப்பில்ல. கொஞ்சம் முந்திட்டோம், அவ்வளவுதான்.”

சந்தே சிரித்தது. என்னால்தான் சிரிக்க முடியவில்லை. மழைக்கு முன்னால் பட்டறைத் தகரத்தை மாற்ற வேண்டும், இந்த மாதப் பணத்தைத் தனக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கதீஜாக்காதான் முன்பே எல்லாரிடமும் கேட்டு வைத்திருந்தாராம். எனக்கு வேலை போய்விட்டது என்று அம்மா சொல்லக் கேட்டதும், அவரே உட்கார்ந்து எல்லாத் துண்டிலும் என் பெயரை எழுதியிருக்கிறார். அம்மா இதைக் காதோடு சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தப் பெண்களுக்கு நேராகத்தான் நான் பூஜ்யம் போட்டிருந்தேன். பணத்தை அவர் கையில் திணிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜூன் மழையில் பட்டறை ஒழுகவில்லை.

மாதுங்காவில் கதையைச் சொன்னபோது ரஞ்சனி காபி ஆறும்வரை சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த பிஷியில் ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டாள். கேட்டவள் பதினான்கு வருஷம் கையில் வைத்திருப்பவள். அடுத்த சுற்றில் பதினாறாவது ஆளாகச் சேர்ந்துவிட்டாள்.

நான் விலகவில்லை. இனி அவர்களாகத் தள்ளினாலும் விலக மாட்டேன். எனக்காக இத்தனை பேர் ஒன்றாகச் சேர்ந்து பொய் சொன்னார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் சந்தில் எனக்கு ‘ரிட்டயர்டு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. மாதா மாதம் டப்பாவை எடுத்ததும் கதீஜாக்கா எல்லாருக்கும் கேட்கும்படி என்னைக் கேட்பார்.

“ஏட்டி செல்வி, வேலை இருக்குல்லா?”

“இருக்குக்கா.”

“அப்பம் இந்த மாசம் ஒழுங்கா எழுதிப் போடலாம்.”