பட்டனுக்குப் பெண் வந்த மதியம்

பட்டன் வந்த பெண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தையல் மெஷினுக்கு அடியில் சுருண்டு படுத்து, ஜன்னல் வெயிலில் மிதக்கும் நூல் தூசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளைக்கு இதுதான் முதல் தடவையா, அண்ணா?" என்று கேட்டாள் பேக்கரிக்காரம்மா. பஞ்சு என்கிற அவளுடைய வெள்ளைப் பெட்டை நாய் அவள் மடியில் இருந்தது.

"எனக்கும் இதுதாம்மா முதல் தடவை," என்றார் டெய்லர். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்து, காது சிவந்தது.

பேச்சு இதுதான்: பிறக்கிற குட்டிகளில் ஒன்று டெய்லருக்கு. மகள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடந்தது. அவளை விட்டுவிட்டு அவர் திரும்பி வந்த அன்று பட்டனும் சாப்பிடாமல் மூலையில் முனகிக்கொண்டு கிடந்தான். இத்தனூண்டு உடம்பில் எத்தனை பாசம் என்று அவனைக் கட்டிக்கொண்டு அழுதவர், இந்த வீட்டில் மறுபடியும் ஒரு சின்ன உயிர் ஓடியாட வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டார். மனைவியிடம் மட்டும் மூச்சு விடவில்லை. "இன்னொரு நாய் வந்தா நான் கிளம்பிடுவேன்" என்று சொன்னவள் அவள். அதனால்தான் அவள் ஆபீஸ் போயிருக்கும் நேரமாகப் பார்த்து இந்தச் சம்பந்தம்.

"தரை வழுக்குது, அதான் தயங்குறான்," என்றாள் பேக்கரிக்காரம்மா.

டெய்லர் கைக்கு அகப்பட்ட துணியை எடுத்து விரித்தார். அது ஒரு கல்யாணப் பெண்ணின் வெல்வெட் என்பது, பஞ்சு அதில் ஒரு மூலையைத் தின்ற பிறகுதான் தெரிந்தது.

"நாம பாத்துட்டே நின்னா கூச்சப்படாதா பாவம்?"

நியாயம்தான். இரண்டையும் டிரையல் ரூமில் விட்டுத் திரையை இழுத்தார். உள்ளே அமைதி. டெய்லரின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி, கண்ணாடிக்குள் இன்னும் இரண்டு நாய்களைக் கண்டு பஞ்சு போட்ட ஆட்டத்தில் திரை கம்பியோடு கீழே வந்தது.

"பயந்துட்டாங்கண்ணா. இதமா ஏதாவது பாட்டுப் போடுங்க."

பட்டனுக்குத் தெரிந்த ஒரே சங்கீதம் தையல் மெஷின்தான். டெய்லர் உட்கார்ந்து துண்டுத் துணியில் மெதுவாக ஓட்டினார். பட்டன் கொட்டாவி விட்டான். பஞ்சு அவன் முதுகில் தலை வைத்தது. பேக்கரிக்காரம்மா சுவரில் சாய்ந்தாள். வெயில் தரையில் ஊர்ந்தது. டெய்லருக்கும் கண் சொருகியது. வெட்டுத்துணிக் கூடைக்குள் குட்டிகள் புரண்டன. ஒன்று அளவு நாடாவை இழுத்துக்கொண்டு ஓடியது, ஒன்று அவர் செருப்புக்குள் தூங்கியது. "அப்பா, இன்னும் கிட்டக் காட்டுங்க," என்று போனில் மகள் சிரித்தாள். அவருக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

"யாரோட வெல்வெட்டுங்க இது?"

கண் விழித்தார். வாசலில் மனைவி.

பேக்கரிக்காரம்மா பதறி எழுந்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். "கோச்சுக்காதீங்கக்கா. இன்னைக்கு அமையல, நாளைக்குப் பாத்துக்கலாம்."

"வீடு ரொம்ப வெறிச்சுன்னு இருக்கு," என்றார் டெய்லர் தரையைப் பார்த்து. "ஒரே ஒரு குட்டிதான்..."

மனைவி கைப்பையை மேஜையில் வைத்தாள். அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"நீங்க பொண்ண ஹாஸ்டல்ல விடப் போனீங்களே, அன்னைக்கே இவனுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியாச்சு. கட்டிப்பிடிச்சு அழுதீங்களே, அப்பக்கூட அந்தத் தையலப் பாக்கலயா? நீங்கள்லாம் என்ன டெய்லர்!"