யாளி வந்தது, அக்கா வரவில்லை

அந்த யோசனை என் தலைக்குள் ஏறியது ஒரு கண்காட்சியில். சுவரில் கோயில் மண்டபம் ஒன்றின் மிகப் பழைய புகைப்படம். தூணில் செதுக்கிய இலையின் நரம்புகூடத் தெரிந்தது. ஆனால் ஒரு ஆள் இல்லை.

"அந்தக் காலத்துல யாருமே கோயிலுக்குப் போகமாட்டாங்களா?" என்று உரக்கக் கேட்டுவிட்டேன் (இன்ஜினியரிங் படித்தவள்).

அங்கிருந்த பெண் சிரிக்காமல் விளக்கினார். அந்தக் கேமராவுக்கு ஒரு படம் பிடிக்க நிமிஷக்கணக்கில் ஆகுமாம். நடமாடுகிறவர்கள் பதியவே மாட்டார்கள். அசையாத கல் மட்டும் நிற்கும்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எத்தனை பேர் அந்தப் படத்துக்குள் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள்!

சிலிர்ப்போடு நிறுத்தியிருக்கலாம். மரப்பெட்டி, பூதக்கண்ணாடி, கறுப்புத் துணி வைத்து நானே ஒரு கேமரா செய்தேன். அல்சூர் கோயிலில் அக்காவுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, போட்டோகிராபரே வேண்டாம் என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன்.

"ஒழுங்கா வரும்ல?"

"நம்ம காலத்துக்கு அப்புறமும் நிக்கும்மா!"

யாளித் தூணுக்கு முன்னால் இரண்டு குடும்பத்தையும் நிறுத்தினேன். போன்களைப் பைக்குள் போடச் சொன்னேன். பெட்டிக்குள் ஒரே ஒரு போட்டோத் தாள். "நான் சொல்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது" என்று மூடியைத் திறந்தேன்.

பாதியில் தீபாராதனை மணி அடித்தது. (கோயிலில் மணி அடிக்கும் என்பது என் திட்டத்திலேயே இல்லை.) மொத்தக் கூட்டமும் சன்னதிப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அக்கா சன்னதிக்கே ஓடிவிட்டாள்.

"அசையாதீங்க!"

"சாமி முன்னாடி என்னடி கத்தற?" என்றாள் அம்மா.

அன்று மாலை குளியலறையில், சிவப்பு பல்பின் கீழ், ரசாயனத் தட்டை ஆட்டிக்கொண்டிருந்தேன். வெளியே அம்மா கதவைத் தட்டினாள்.

"அக்கா தெரியறாளாடி? அவங்க வீட்டுல போட்டோ கேக்கறாங்க."

யாளி தெரிந்தது. முதலில் பற்கள், பிறகு பிடரியின் சுருள். பக்கத்தில் ஆடும் கல் பெண்ணின் சலங்கை. அவள் தோளில் நான் நேரில் கவனிக்கவே கவனிக்காத ஒரு குட்டிக் கிளி! அக்கா இருந்த இடத்தில் கொஞ்சம் புகை. மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் புகை. முழுசாக வந்த ஒரே மனிதர் மாப்பிள்ளையின் அப்பா. மீசை முடியை எண்ணலாம்.

மறுநாள் நீலசந்திராவில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் படத்தோடு போனோம். கல்யாணமே நின்றுவிடுமோ என்று அம்மாவுக்கு வியர்த்தது.

"நம்ம பையன் எங்கம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அந்தப் புகைதான் அத்தே."

"பூ வெச்ச அன்னிக்குப் புகையா!"

"ஏ, சும்னே இரு" என்று பாதிக் கன்னடத்தில் அவரை அடக்கிவிட்டு, மாப்பிள்ளையின் அப்பா, அதாவது மாமா, படத்தை வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "இந்தப் பாப்பா அசையாதேன்னு சொல்லிச்சு, நான் நின்னேன். சாமி எங்க போயிடப் போகுது? ஏய், இந்தக் கிளியப் பாருடி! எத்தினி வருசமா அந்தத் தூண்ல சாஞ்சு உக்காந்திருக்கேன், பாத்ததே இல்லியே!"

அத்தையும் குனிந்து பார்த்தார். அம்மாவுக்கு மூச்சு வந்தது. கல்யாணம் நடந்தது (போட்டோகிராபர் வைத்து).

இன்றும் இரண்டு வீட்டிலும் பாத்திரம் கழுவும் நேரத்தில் யாராவது காணாமல் போனால், "புகையாயிட்டாளா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அடுத்து நானும் மாமாவும் பேலூர் கோயிலுக்குப் போகிறோம். கூரைக்கடியில் நிற்கும் கல் பெண்களை அண்ணாந்து பிடிக்க வேண்டும். பெட்டியைச் சாய்த்தால் படமும் சாய்கிறது. நேற்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை வைத்துப் பழகினோம். தொட்டி விழப்போவது மாதிரி வந்திருக்கிறது. மாமா அதையும் பிரேம் போடச் சொல்கிறார்.