தீவுப் பயணம் தொடர்பாக மைத்துனருக்கு

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு என் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் சுகம். அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் சுகமாகவே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

போன மாதம் தொலைபேசியில், "தீவுக்கெல்லாம் நீங்க எங்க மாப்பிள்ளை போகப்போறீங்க" என்று தாங்கள் சிரித்தீர்கள். அன்றே பதில் சொல்லியிருப்பேன், ஏற்பாடுகள் முடியட்டும் என்று பொறுத்திருந்தேன். இப்போது முடிந்துவிட்டன. வருகிற பன்னிரண்டாம் தேதி காலைப் படகில் தங்கள் தங்கையும் நானும் கிளம்புகிறோம். ஏழு நாள். கடலை ஒட்டிய குடில். சன்னலைத் திறந்தால் தென்னை, தென்னைக்கு அந்தப் பக்கம் தண்ணீர், அதற்கு அந்தப் பக்கமும் தண்ணீர்தான் என்று குடில்காரர் எழுத்துமூலம் உறுதி கொடுத்திருக்கிறார்.

யோசனை தங்கள் தங்கையுடையது. நான் ஓய்வு பெற்ற மறுவாரம், துணி மடித்துக்கொண்டே, "கடலுக்குள்ள ஒருதடவ இறங்கணுங்க. ஓரத்துல நின்னு கால் நனைச்சுட்டு வர்றதில்ல, உள்ள" என்றாள். முப்பத்திரண்டு வருட இல்லறத்தில் அவள் தனக்கென்று கேட்ட முதல் பொருள் தையல் இயந்திரம். இது இரண்டாவது. பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்து, எந்த வண்டியையும் காரணமில்லாமல் நாலு நிமிடத்துக்கு மேல் தாமதிக்க விடாதவன் நான். அன்று மாலையே நாலடி நீளத்தில் அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். 'காலை 6.10 முதல் 6.40 வரை அலையில் நிற்றல். 6.40 முதல் 6.50 வரை மணல் தட்டுதல்.' தங்கள் தங்கை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"மணல் தட்டப் பத்து நிமிஷமா?"

"ரெண்டு பேர் இருக்கோம்ல."

"சிரிக்கிறதுக்கு நேரமே போடலையே."

அதற்கும் ஒரு கட்டம் சேர்த்தேன்.

ஒத்திகை பார்க்காமல் ஒரு வண்டியையும் புதுத் தடத்தில் விடக்கூடாது என்பது எங்கள் டெப்போ வழக்கம், ஆகவே கடற்கரைக் குடையை மொட்டைமாடியில் விரித்துப் பார்த்தேன், அந்நேரம் பார்த்துக் காற்று அடித்தது, குடை என்னை இரண்டு எட்டு இழுத்துக்கொண்டு போய், பிறகு என்மேல் நம்பிக்கை இழந்து தனியாகக் கிளம்பி, கீழே வந்துகொண்டிருந்த ஓட்டுநர் பயிற்சிக் காரின் கண்ணாடியில் உட்கார்ந்தது, உள்ளே முதல் நாள் பாடம் படித்துக்கொண்டிருந்த பல் மருத்துவர் பிரேக்கை விட்டுவிட்டு வேறு எதையோ மிதிக்க, கார் சலூன் வாசல் பெஞ்சு வரைக்கும் போய் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. இனிமேல் நான் அவரிடம் வாயே திறக்க வேண்டாம் என்று மட்டும் பல் மருத்துவர் சொல்லிவிட்டார். சரி, கீழே போன குடையை எடுத்துவரப் போகிற கையோடு கூரியர் கடைத் தராசில் பெட்டியின் எடையையும் பார்த்துவிடலாம் என்று பெட்டியோடு இறங்கினேன், இரண்டாம் மாடித் திருப்பத்தில் பூட்டு பிளந்துகொண்டது, கிளிப் படம் போட்ட என் புது நீச்சல் கால்சட்டை பறந்து போய்க் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கையில் விழுந்தது. அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "யாரோ சின்னப் பையனோடது போல சார்" என்றார். "என்னோடதுதான்" என்று தலை நிமிர்ந்து சொல்லி வாங்கிக்கொண்டேன்.

கால்சட்டை இருந்தால் போதுமா, நீச்சல் தெரியவேண்டாமா என்று நகராட்சிக் குளத்தில் காலை வகுப்பில் சேர்ந்தேன். பயிற்சியாளர் ஓர் இளம்பெண், வாயில் விசிலோடு பிறந்தவள். முதல் வாரம் நான் குடித்த தண்ணீரில் ஒரு பஸ்ஸைக் கழுவியிருக்கலாம். தங்கள் தங்கை துண்டோடு கரையில் உட்கார்ந்திருப்பாள். ஐந்தாம் நாள் பயிற்சியாளர் அவளிடம், "ஆன்ட்டி, அங்கிள் ஏணியை விடறதுக்கு இன்னும் நாளாகும். அதுவரைக்கும் நீங்க இறங்குங்களேன்" என்றாள். தங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். நான் ஏணியிலிருந்து கையை எடுக்காமலே தலையாட்டினேன்.

சின்ன வயதில் தாங்கள் ஏரியில் நீந்தும்போது, தங்கள் சட்டையை வைத்துக்கொண்டு அவள் கரையில் நிற்பாளாமே. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு நீச்சல்" என்று தாங்கள்தான் சொன்னீர்களாம். அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை, கதையாகத்தான் சொன்னாள். மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை காலை, ஐம்பத்தாறு வயதில், அவள் ஒரு முனையில் சுவரை உதைத்துக் கிளம்பி மறுமுனையைத் தொட்டாள். இருபத்தைந்து மீட்டர். நடுவில் எங்கும் நிற்கவில்லை. துண்டு என் தோளில் இருந்தது. மணி பார்த்தேன், ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. எத்தனையோ ஆயிரம் வண்டிகளுக்கு நேரம் குறித்த கையால் இதையும் குறித்துக்கொண்டேன். ஈரத் தலையோடு வந்து, "லேட்டாயிடுச்சாங்க?" என்று கேட்டாள்.

"ரைட் டைம்" என்றேன். துண்டை எடுத்து அவள் தோளில் போர்த்தினேன்.

என் நிலவரத்தைக் கேட்பீர்கள். ஏணியில் மூன்றாம் படி வரை முன்னேறியிருக்கிறேன். அதனாலென்ன, எங்கள் வீட்டில் நீந்தத் தெரிந்த ஆள் இருக்கிறது. தாங்கள் கடைசியாக எப்போது நீந்தினீர்கள் என்று யோசித்து எழுதவும்.

வேறு விசேஷமில்லை. தங்கள் துணைவியாருக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும். தாங்கள் நீடூழி வாழ்ந்து இன்னும் பலரைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமென்று மனதார விரும்பும்,

தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் தங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்தாள். "எல்லாம் சரி. யார் போறதுங்கிறத மட்டும் கொஞ்சம் திருத்தணும்" என்றாள். வகுப்புப் பெண்கள் நாலு பேரிடம் தீவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், நாலு பேரும் கிளம்பிவிட்டார்களாம், கூடவே பயிற்சியாளரும். குடில்காரரிடம் அவளே பேசிப் பெரிய குடிலாக மாற்றிவிட்டாள். அதில் கட்டில் ஆறு, ஆளும் ஆறு. "நீங்க கரையில தனியா உக்காந்திருக்கணுமேன்னுதான் யோசிச்சேங்க" என்றாள். ஆகவே பன்னிரண்டாம் தேதி அவளைப் படகேற்றிவிட்டு, அங்கிருந்தே ரயில் பிடித்து ஏழு நாளைக்குத் தங்கள் வீட்டுக்கு வருகிறேன். அந்த ஏழு நாளும் அவள் நீந்திய கதையைத் தவிர வேறெதுவும் பேசமாட்டேன் என்பதை இப்போதே தெரிவித்துவிடுவதுதான் மரியாதை.